எண்ணெய் சென்ற வழி

மாட்டு வண்டிலில் பயணஞ் செய்த காலத்தவர் யாவரும் அறிந்த ஓசை ஒன்று உண்டு. மசகு வற்றிய அச்சிலே சில்லு சுழலும்போது எழும் ஓலமே அது. அந்த ஓலம் கேட்டதும் வண்டிற்காரர் வண்டிலை மரநிழலில் நிறுத்தி, அச்சுக்கு மசகு பூசி, மீண்டும் வழிநடத்துவார். அச்சு தன் குறையைத் தானே வாய்விட்டுச் சொல்லும். கேட்டவர் உடனே பரிகாரஞ் செய்வார். மோட்டார் வண்டியின் எஞ்சினோ அவ்வாறு முன்கூட்டி முறையிடுவதில்லை. அதனுள்ளே எண்ணெயின் ஓட்டம் தடைப்பட்டால், வெளியே ஓசை கேட்கும் வேளையில் பெரும்பாலும் காரியம் கைகடந்து போயிருக்கும். ஆதலால் எண்ணெயை வார்ப்பது மாத்திரம் போதாது. வார்த்த எண்ணெய் சேரவேண்டிய இடத்தைச் சென்று சேர்வதற்கு வழியும் வேண்டும். அந்த வழியை மனிதர் கண்டறிந்த வரலாறு நூறாண்டுக்கு மேற்பட்டது. பழைய காரின் எஞ்சினுக்குப் புதிய வலுவூட்ட விரும்புவோர் எவரும் அவ்வரலாற்றை மறத்தலாகாது.

அவ்வரலாறு மோட்டார் வண்டியில் அன்று, புகையிரதத்தில் தொடங்குகின்றது. 1880ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் சங்கம், சுழலும் அச்சுகளின் உராய்வை ஆராயும் பணியைப் போஷம்ப் டவர் என்னும் பொறியியலாளரிடம் ஒப்படைத்தது. புகையிரத வண்டியின் அச்சைப் போன்ற ஒன்றை அவர் அமைத்தார். அச்சின் மேற்புறத்திலே பித்தளைத் தாங்கி ஒன்று பாரத்தோடு அமர்ந்திருந்தது. அச்சின் கீழ்ப்புறம் எண்ணெயில் தோய்ந்து சுழன்றது. தாங்கியின் உச்சியிலே எண்ணெய் விடுவதற்கென அவர் ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது அவர் எதிர்பாராத சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. துளை வழியே எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக வெளியே பொங்கி வழிந்தது. துளையை ஒரு கட்டையால் அடைத்தார். எண்ணெய் அக்கட்டையையும் தள்ளி எறிந்தது. அவ்விடத்திலே அமுக்கமானி ஒன்றைப் பொருத்தியபோது, முள் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலையுந் தாண்டிச் சென்றது. தாங்கியின் மீதிருந்த பாரமோ சராசரியாக ஒரு சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் மாத்திரமே.

1883ஆம் ஆண்டில் வெளியான இவ்வறிக்கை ஓர் உண்மையை உலகுக்கு உணர்த்தியது. ஒழுங்காக எண்ணெய் பெறும் அச்சு உலோகத்தின் மீது உராய்ந்து சுழல்வதில்லை. தான் இழுத்துச் செல்லும் எண்ணெயின் மெல்லிய படலத்தின் மீது அது மிதந்து சுழல்கின்றது. மன்செஸ்டர் நகரின் ஓவன்ஸ் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த ஒஸ்போண் ரெயினொல்ட்ஸ், 1886ஆம் ஆண்டில் இதற்குக் கணித விளக்கம் அளித்தார். இவ்விளக்கத்திலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்பட்டன. படலம் அறாதிருக்க எண்ணெய் இடையறாது வந்துகொண்டிருத்தல் வேண்டும் என்பது ஒன்று. பாரம் மிகுந்த புறத்தில் எண்ணெய்த் துளையை இடுவது பயனற்றது, பாரங் குறைந்த புறத்திலேயே எண்ணெயை ஊட்டவேண்டும் என்பது மற்றையது. எங்கே துளையிடுவது, எவ்வழியே குழாயைக் கொண்டுசெல்வது என்னுங் கேள்விகள் அன்று முதல் ஊகத்துக்குரியன அல்ல, கணக்குக்குரியனவாயின.

எண்ணெயைப் பம்பி மூலம் தள்ளி ஒவ்வொரு தாங்கிக்கும் அனுப்பும் முறையும் அக்காலத்திலேயே பிறந்தது. பேர்மிங்ஹாம் நகரிலே நீராவி எஞ்சின்களைச் செய்த பெலிஸ் அன்ட் மோர்கொம் நிறுவனத்தைச் சேர்ந்த அல்பேட் பெயின் என்பவர், 1890ஆம் ஆண்டில் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலே இங்கிலாந்தின் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் தம் கார்களில் இதனைக் கையாண்டார். எனினும் பம்பியும் துளைகளும் குழாய்களும் செலவை மிகுவித்தன. மலிவான காரை மக்களுக்கு வழங்க முனைந்தோர் வேறொரு வழியை நாடினர்.

அவ்வாறு நாடியோருள் முதன்மையானவர் ஹென்றி போர்ட். 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்ட அவரது மொடல் டீ காரிலே எண்ணெய்ப் பம்பியே கிடையாது, அமுக்கமானியும் கிடையாது. எஞ்சினின் பின்புறத்திலே சுழலும் பிளைவீல் என்னும் பெருஞ்சில்லில் மின்சாரம் பிறப்பிக்கும் காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அக்காந்தங்கள் எண்ணெயில் தோய்ந்து சுழன்று, அதனை மேலே வாரி இறைத்தன. இறைத்த எண்ணெயில் ஒரு பகுதியை ஒரு சிறு புனல் ஏந்தியது. புனலோடு இணைந்த மெல்லிய குழாயொன்று எஞ்சினின் உட்புறமாக முன்பக்கத்துக்கு எண்ணெயைக் கொண்டுசென்று பற்சில்லுகளின் மேல் சொரிந்தது. அங்கிருந்து எண்ணெய் தன் பாரத்தினாலேயே பின்னோக்கி வழிந்து, ஒவ்வோர் இணைதண்டின் கீழும் அமைந்திருந்த தொட்டிகளை நிரப்பியது. இணைதண்டின் அடிப்புறம் தொட்டியிலே மோதித் தெறிக்கச் செய்த எண்ணெயே தாங்கிகளையும் பிஸ்டன்களையும் நனைத்தது.

இந்த ஏற்பாட்டை எள்ளி நகையாடுதல் பொருந்தாது. 20 குதிரைவலு மாத்திரமே தந்து, நிதானமான வேகத்திற் சுழன்ற எஞ்சினுக்கு அது போதுமானதாயிருந்தது. கிராமத்துக் கமக்காரரும் கொல்லரும் அதனைப் பழுதுபார்க்க முடிந்தது. எண்ணெய் எவ்வளவு இருக்கின்றது என்பதை அறிய, அடிப்பெட்டியிலே ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு சிறு திருகுகளைத் திறந்து பார்த்தாற் போதும். மேலதிற் சொட்டினால் நிறைவு. கீழதிலும் சொட்டாவிடின் ஆபத்து.

ஆனால் அந்த ஒற்றைக் குழாயிலேதான் அதன் பலவீனமும் மறைந்திருந்தது. மொடல் டீ காரின் வேகமாற்றியும் எஞ்சினும் ஒரே எண்ணெயிலே தோய்ந்திருந்தன. வேகமாற்றியினுள்ளே உராய்ந்த பருத்திப் பட்டிகளிலிருந்து நூற்றுகள்கள் உதிர்ந்து எண்ணெயிலே மிதந்தன. அவை புனலிலே படிந்து, நாளடைவிற் குழாயை அடைத்தன. சமதரையில் ஓடும்வரை இக்குறை புலப்படாது. செங்குத்தான மேட்டில் ஏறும்போதுதான் அது வெளிப்படும். எண்ணெய் யாவும் பின்பக்கமாக ஓடிவிட, முன்னாலுள்ள முதலாவது இணைதண்டு குழாயை மாத்திரமே நம்பியிருக்கும். குழாய் அடைபட்டிருந்தால் அந்தத் தாங்கி வரண்டுவிடும். அதனுள் வார்க்கப்பட்டிருந்த வெண்ணுலோகம் ஐசாக் பாபிட் என்பவர் 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கிய கலப்புலோக வகையைச் சேர்ந்தது. மென்மையான அவ்வுலோகம் அச்சைத் தேய்க்காது; ஆயின் ஏறத்தாழ 240 பாகை செல்சியசிலேயே இளகத் தொடங்கும். எண்ணெயற்ற சில நிமிடங்களே அதனை உருக்கப் போதும்.

இத்தகைய எஞ்சினுக்கு வலுவேற்றும் ஆசை 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்க இளைஞரைப் பற்றிக்கொண்டது. ரசீன் நகரைச் சேர்ந்த ஜோ ஜாகர்ஸ்பேர்கர், ஊரின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்து ராஜோ என்னும் பெயரிலே புதிய எஞ்சின் தலைகளைச் செய்து விற்றார். தம் பெயரைத் தாங்கிய கார் நிறுவனத்தை விட்டு நீங்கிய லூயி செவ்றொலேயும் அவர் சகோதரர் ஆர்தரும் இண்டியனாபொலிஸ் நகரிலே பிரொன்டினாக் என்னுந் தலையைத் தயாரித்தனர். வால்வுகள் மேலே அமைந்த இத்தலைகள் எஞ்சினின் வலுவைப் பன்மடங்காக்கவல்லன. சில மணிநேர வேலையிலே வயலுக்குச் சென்ற வண்டி பந்தயத்துக்குச் சென்றது.

வலு மிகுந்தபோது நேர்ந்தது யாது? பிஸ்டனின் மேல் விழும் அடி பலமானது. தாங்கியின் மேல் அமர்ந்த பாரம் பெருகியது. சுழலும் வேகம் கூட, உராய்வினால் எழும் வெப்பமுங் கூடியது. இவ்வெப்பத்தை வாங்கிச் செல்லும் கடமையும் எண்ணெயினுடையதே. எண்ணெய் வழுவழுப்பைத் தருவதோடு அமைவதில்லை. சூட்டை அகற்றுகின்றது, தேய்ந்த துகள்களையும் கழுவிச் செல்கின்றது. தலையை மாற்றியோரிற் பலர் குழாயை மாற்ற நினைக்கவில்லை. இருபது குதிரைகளுக்கு வெட்டிய வாய்க்காலிலே நாற்பது குதிரைகளுக்கு நீர் காட்ட முயன்றவர் நிலையே அவர்களுடையது. பட்டறிந்தோர் எஞ்சினின் வெளிப்புறமாக அகலமான இரண்டாவது குழாயொன்றை முன்பக்கத்துக்குக் கொண்டுசென்றனர். நூற்றுகள்களைத் தடுக்கக் கம்பிவலையும் இட்டனர். பந்தயத்துக்கென எஞ்சினைத் தயாரித்தோரோ அதனோடு நிற்கவில்லை. கிராங்க் தண்டைத் துளைத்து, பம்பி பூட்டி, அமுக்கத்தோடு எண்ணெயை ஒவ்வொரு தாங்கிக்கும் ஊட்டினர். 1923ஆம் ஆண்டின் இண்டியனாபொலிஸ் 500 மைல் ஓட்டத்திலே, எல். எல். கோரம் ஓட்டிய பிரொன்டினாக் தலைபூட்டிய போர்ட் கார், விலையுயர்ந்த பந்தய வண்டிகளின் நடுவே ஐந்தாம் இடத்தைப் பெற்றது. அவ்வெற்றியைத் தலைக்கு உரியதென்றே உலகம் பேசியது. எண்ணெய் வழியின்றேல் அத்தலை 500 மைலைக் கண்டிராது.

பெரும் நிறுவனங்களும் இதே பாதையிற் படிப்படியாகவே நடந்தன. 1927ஆம் ஆண்டின் இறுதியில் வந்த போர்ட் மொடல் ஏ காரிலே பம்பி எண்ணெயை மேலே உயர்த்தியது; ஆயினும் அங்கிருந்து முதன்மைத் தாங்கிகளுக்கு அது தன் பாரத்தினாலேயே இறங்கியது. 1929ஆம் ஆண்டில் வெளியான செவ்றொலே ஆறு சிலிண்டர் எஞ்சினின் இணைதண்டுகள் தெறிக்கும் எண்ணெயையே நம்பியிருந்தன. அந்நிறுவனம் 1953ஆம் ஆண்டில் ஒரு பகுதிக் கார்களுக்கும், 1954ஆம் ஆண்டில் எஞ்சியவற்றுக்கும் முழு அமுக்க முறையை வழங்கியது. இருவேறு முறைகளும் கால்நூற்றாண்டு அருகருகே வாழ்ந்தமையினால், பழைய கார் ஒன்றைக் கையேற்பவர் முதலில் அறியவேண்டியது அதன் எஞ்சின் எம்முறையைச் சேர்ந்தது என்பதே.

எண்ணெயை வடிகட்டும் முறையிலும் இத்தகைய இருவழிகள் உண்டாயின. ஏர்னெஸ்ட் ஸ்வீற்லாண்ட் என்பவரின் கண்டுபிடிப்பாகிய பியுரொலேற்றர் வடிகட்டி 1920ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே தோன்றியது. 1924ஆம் ஆண்டின் கிரைஸ்லர் கார் எண்ணெய் வடிகட்டியோடு சந்தைக்கு வந்தது. அக்காலத்து வடிகட்டிகள் பக்கவழி முறையைச் சார்ந்தவை. பம்பியிலிருந்து புறப்படும் எண்ணெயில் ஒரு சிறு பங்கு மாத்திரமே பிரிந்து வடிகட்டிக்குச் சென்று, தூய்மையடைந்து, அடிப்பெட்டிக்குத் திரும்பும். எஞ்சிய பெரும்பகுதி வடிகட்டாமலே தாங்கிகளுக்குப் போகும். பிற்காலத்திலே பரவிய முழுவழி முறையிலோ எண்ணெய் அனைத்தும் வடிகட்டியினூடே சென்ற பின்னரே தாங்கிகளை அடையும்.

இவ்விரண்டு முறைகளுக்கும் பொருத்தும் குழாய்கள் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கலாம். அவற்றின் இலக்கணமோ நேர்மாறானது. பக்கவழிக் குழாயிலே ஊசித்துளை போன்ற ஒடுக்கம் ஒன்று இருந்தே ஆகவேண்டும். அது இல்லாவிடின் எண்ணெய் இலகுவான அவ்வழியே ஓடி அடிப்பெட்டிக்குத் திரும்ப, தாங்கிகளில் அமுக்கம் வீழ்ந்துவிடும். முழுவழிக் குழாயிலே ஒடுக்கம் எதுவும் இருக்கலாகாது. இருந்தால் எஞ்சின் முழுவதும் பட்டினி கிடக்கும். ஒன்றிலே குறுகியதே சரி. மற்றையதிலே அகன்றதே சரி. பழைய எஞ்சினிலிருந்து கழற்றிய குழாயைப் புதிய எஞ்சினிற் பூட்டுபவர், நீளமும் புரியும் ஒத்திருப்பதைக் கண்டு திருப்தியடைந்தால், இரண்டிலொரு தவறு நேர்வது எளிது.

இலங்கையின் வீதிகளிலே பல்லாண்டுகளாக ஓடிய மொறிஸ் மைனர் கார் இதற்கு நல்ல உதாரணம். 1948ஆம் ஆண்டில் அறிமுகமான அக்கார், 1960ஆம் ஆண்டு டிசம்பரிலே பத்திலட்சமாவது வண்டியைக் கண்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1952ஆம் ஆண்டில் ஒஸ்டின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்த பின்னர், ஒஸ்டினின் 803 கன சென்ரிமீற்றர் எஞ்சின் அதற்குப் பொருத்தப்பட்டது. அதன் வலு 30 குதிரைவலு. 1956ஆம் ஆண்டில் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 37 குதிரைவலுவோடு வந்தது. 1962ஆம் ஆண்டில் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 48 குதிரைவலுவைத் தந்தது. மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வெளித்தோற்றத்திலே ஒன்றையொன்று ஒத்தவை. ஆதலால் தேய்ந்துபோன 803 எஞ்சினை நீக்கி 948 அல்லது 1098 எஞ்சினைப் பூட்டுவது பல நாடுகளிலும் வழக்கமாயிற்று.

1956ஆம் ஆண்டிலே பொறியியலாளர் சிலிண்டரை மாத்திரம் அகலமாக்கவில்லை. கிராங்க் தண்டில் இணைதண்டுகள் பூட்டும் கழுத்தை ஒன்றேழு பதினாறிலிருந்து ஒன்றைந்து எட்டு அங்குலமாகத் தடிப்பித்தனர், அதாவது 1.44 அங்குலம் 1.63 அங்குலமானது. வெண்ணுலோகத்துக்குப் பதிலாக ஈயமும் இண்டியமும் கலந்த வலிய தாங்கிகளை இட்டனர். பக்கவழி வடிகட்டியை நீக்கி முழுவழி வடிகட்டியை அமைத்தனர். வலு 7 குதிரைகளால் உயர்ந்தபோது தாங்கி, தண்டு, எண்ணெய் வழி மூன்றையும் சேர்த்தே மாற்றினர் என்பது கவனிக்கத்தக்கது. வலிய தாங்கி கடினமானது. வெண்ணுலோகத்தைப் போலத் தூசித் துகளைத் தன்னுள்ளே புதைத்துக்கொள்ள அதனால் இயலாது. ஆகவே அதற்குத் தூய எண்ணெய் கட்டாயம் வேண்டும். ஒரு மாற்றம் மற்றொரு மாற்றத்தை வேண்டி நின்றது. ஆலையிலே ஒன்றாகச் சிந்திக்கப்பட்டவற்றைக் கராஜிலே பிரித்துவிடுவதே விபத்தின் தொடக்கம்.

குழாயின் விட்டம் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆய்வொன்று காட்டுகின்றது. 1839ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் ஹாகன் என்பவரும், அதனையடுத்துப் பாரிஸ் நகரிலே பொய்சேல் என்னும் வைத்தியரும் மெல்லிய குழாய்களினூடே திரவங்கள் பாய்வதை அளந்தனர். பொய்சேல் மனித உடலில் இரத்தம் ஓடுவதை அறிய விரும்பியவர். அவர்கள் கண்ட விதிப்படி, நீளமும் அமுக்கமும் மாறாதிருக்க, குழாயின் உள்விட்டம் பாதியானால் பாயும் அளவு பாதியாவதில்லை. பதினாறில் ஒரு பங்காகிவிடும். விட்டம் முக்காலானால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்களவாகக் குறையும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் வித்தியாசம் தாங்கிக்குப் பெரும் பஞ்சமாகின்றது. வளைக்கும்போது நசுங்கிய குழாயும், துளையை மூடிக்கொண்ட செப்பு வளையமும் இதே தீங்கை விளைவிக்கும்.

அமுக்கமானி இத்தீங்கைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருப்பதும் தவறு. அமுக்கமானி பொருத்திய இடத்துக்கு அப்பால் வழி ஒடுங்கியிருந்தால், முள் வழக்கத்திலும் உயர்ந்தே நிற்கும். வீதியை மறித்தால் மறித்த இடத்துக்கு முன்னால் வாகனங்கள் நெருங்கி நிற்பதும், அப்பால் வீதி வெறுமையாய்க் கிடப்பதும் போன்றது அது. முள்ளைப் பார்த்து மகிழும் சாரதி, தாங்கி காய்வதை அறியமாட்டார்.

நன்மை கருதிச் சேர்த்த குழாயே கேடாவதும் உண்டு. சில பழைய பிரித்தானிய எஞ்சின்களிலே, குறிப்பாக ட்ரையம்ப் வகைகளிலே, வால்வுகளை இயக்கும் மேற்கைகள் விரைவிலே தேய்வதைக் கண்டோர், முதன்மை எண்ணெய்க் கால்வாயிலிருந்து தலைக்கு வெளிப்புறக் குழாயொன்றைக் கொண்டுசென்றனர். மேற்கைகள் நனைந்தன, உரிமையாளரும் மகிழ்ந்தனர். ஆயின் அவ்வெண்ணெய் வானத்திலிருந்து வந்ததன்று. கிராங்க் தண்டின் தாங்கிகளுக்குரிய பங்கிலிருந்தே அது பிரிந்தது. தயாரித்தவர்கள் மேலே சிறிதளவே அனுப்பியமைக்குக் காரணம் இருந்தது. அங்கே பாரம் குறைவு, கீழேதான் பாரம் அதிகம். ஆகவே அத்தகைய குழாயைப் பூட்டவே வேண்டுமாயின், தக்க ஒடுக்கத்தோடு பூட்டுவதே முறை.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடத்தை அனுபவமிக்க மெக்கானிக்மார் தம் கையாலேயே அறிந்திருப்பர். வலுவேற்றிய எஞ்சினுக்குக் குழாய் தேடும்போது, கழற்றிய பழைய குழாயை மாதிரியாகக் கொள்ளாமல், புதிதாக வந்த எஞ்சினின் முறைக்குரிய குழாயையே அவர்கள் தேடுவர். உள்விட்டத்தை அளப்பர், வெளித்தடிப்பைக் கண்டு ஏமாறார். அசையும் எஞ்சினுக்கும் அசையாத சட்டத்துக்கும் இடையே விறைத்த செப்புக் குழாயை இடார். அதிர்ச்சியினாற் செப்பு இறுகி வெடித்துவிடும். அங்கே சூடான எண்ணெயையும் அமுக்கத்தையும் தாங்கவென்றே செய்த வளையுங் குழாயை இடுவர். நீருக்கோ பெற்றோலுக்கோ உரிய றப்பர்க் குழாய் சூடான எண்ணெயில் ஊறி இளகும் என்பதும் அவர்கள் அறிந்ததே. புகைபோக்கிக் குழாயை எண்ணெய்க் குழாய் தொடாதவாறு விலக்கிக் கட்டுவர். பழைய செப்பு வளையங்களை எறிந்து புதியவற்றை இடுவர். எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் எஞ்சினை உடனே முழக்கார். தீப்பொறிக் கட்டைகளைக் கழற்றிவிட்டு, அமுக்கமானியின் முள் எழும்வரை எஞ்சினை வெறுமனே சுழற்றி, வடிகட்டியும் குழாய்களும் நிரம்பிய பின்னரே அதற்கு உயிரூட்டுவர். புதுத் தாங்கிகள் பெருமளவிற் சேதமடைவது முதல் அரைநிமிடத்திலேயே.

1960ஆம் ஆண்டுகளிலே இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய பின்னர், இலங்கையிலே பழைய கார்களைக் காத்து ஓட்டும் திறமை ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் பிற்காலத்திலே இத்தீவிற் செய்யப்பட்டு, அக்கார் பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. ஒரு குடும்பத்தில் தந்தை வாங்கிய காரை மகனும் பேரனும் ஓட்டுவது அருமையான காட்சியன்று. அத்தகைய காரிலே எஞ்சின் இறுகிவிட்டால் இழப்பது உலோகம் மாத்திரமன்று. நள்ளிரவிலே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட பயணம் நடுவழியில் நின்றுவிடுகின்றது. ஆண்டுக்கணக்கிற் சேர்த்த பணம் ஒரு மேட்டிலே கரைந்துவிடுகின்றது. ஒரு சாண் நீளக் குழாய் அத்தனை பொறுப்பைச் சுமக்கின்றது.

போஷம்ப் டவர் அடைத்த கட்டையை எண்ணெய் தள்ளி எறிந்த நாள் முதல், எண்ணெய் தன் வழியைத் தானே வற்புறுத்தி வந்திருக்கின்றது. அவ்வழியை அறிந்து அமைத்தோரின் எஞ்சின்கள் நீடு வாழ்ந்தன. அறியாது அடைத்தோரின் எஞ்சின்கள் நடுவழியில் நின்றன. வண்டிலின் அச்சுக்கு மசகு இடுமுன் ஓலம் கேட்கக் காத்திருந்த வண்டிற்காரருக்கு நட்டம் சிறிது. கார் எஞ்சினின் முன்னே நிற்பவர் அந்த ஓலத்துக்குக் காத்திருக்க இயலாது. வலுவை ஏற்றுமுன் வழியை ஒழுங்குசெய்வதே அவருக்குரிய கடமையாகும்.